மருந்து போட்டாச்சு

அவருடைய ரயில் கிளம்ப இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நான் துணித்துண்டுகளில் மெழுகு தடவிக்கொண்டிருந்தேன்.

துண்டு வட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருக்க வேண்டும். ஈயக்குண்டை அதில் பொதிந்துதான் குழலுக்குள் இறக்குவோம். தடித்த துணி இறங்காது, மெல்லிய துணி பொசுங்கிவிடும். பழைய படுக்கை விரிப்புதான் சரி. பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

அது துப்பாக்கிக் கிளப்பின் தகரக் கொட்டகை. சனிக்கிழமை காலை ஒன்பது மணி, கடைசி வகுப்பு. பத்துப் பேருக்கு ஐந்து துப்பாக்கிகள், இரண்டு பேருக்கு ஒன்று. எல்லாம் பழைய காலத்து வகை. தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக முதலில் கருமருந்து, பிறகு குண்டு, பிறகு ஒரு நீளக் கோலால் திணிப்பது. அதை வெடிக்க வைக்க வெளியே கேப் என்கிற சின்னச் செப்பு மூடி. கருமருந்தை அங்கே வெறுமனே மருந்து என்பார்கள்.

நான் ஆசைப்பட்டுச் சேரவில்லை. அண்ணிக்குக் கிளப் ஆபீசில் வேலை. பத்துப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும். ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள்.

"சனிக்கிழமை நீ வீட்ல உக்காந்து சுவரைத்தான பாக்கற," என்றாள் அண்ணி. "அங்க வந்து இலக்கைப் பாரு."

"அண்ணி, பலூன் வெடிச்சாலே எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும்."

"அங்க காதுக்கு மூடி தர்றாங்க. நாலு பேர்கிட்ட பேசணும்ங்கற அவசியமும் இல்ல. எல்லாரும் காதை மூடிக்கிட்டுத்தான் நிப்பாங்க. உனக்குன்னே ஆரம்பிச்ச மாதிரி இருக்கு."

அண்ணி சொன்னதில் பாதிதான் உண்மை. அங்கே பேசித்தான் ஆக வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவர். ஒவ்வொரு வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். ஜோடியில் ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் செய்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

மருந்து? போட்டாச்சு. துணி? வெச்சாச்சு. குண்டு? இறக்கியாச்சு. கோடு? சரியா இருக்கு.

"சத்தமா," என்பார் டீச்சர், என் பின்னால் வந்து நின்று. "கொசு பேசற மாதிரி பேசினா நான் யாரை நம்பி அடுத்த ஆளைச் சுடச் சொல்றது?"

அவருக்கு யார் பெயரும் நினைவில் நிற்காது. வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பதால் லேப். என் ஜோடி நில அளவைத் துறையில் இருப்பதால் சர்வே. அவரும் என்னைப் போலப் புதியவர்தான். முதல் நாள் இருவரும் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தோம்.

அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர். தூரத்தை அப்படித்தான் சொல்வார், ஏறக்குறைய என்று சொல்லவே மாட்டார். மூன்று வருஷத்துக்கு. மறுநாள்தான் ரயில்.

அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஆறு வாரமாகச் சொல்லவில்லை.

கோலில் இரண்டு கோடுகள் உண்டு. குழல் காலியாக இருக்கும்போது கோலை உள்ளே விட்டால் குழலின் வாய்க்கு நேராக வருவது ஒன்று. மருந்தும் குண்டும் சரியாக இருந்தால் வருவது மற்றொன்று. மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கினால் இந்த இரண்டாவது கோடு இரண்டு விரல் அளவு உள்ளே போய் மறைந்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. செய்தவர் கொட்டகைத் தூணில் தொங்கும் மணியைப் போய் அடிக்க வேண்டும். பிறகு அந்தக் குண்டை வெளியே எடுக்க வேண்டும்.

எடுப்பது லேசு இல்லை. கோலின் முனையில் ஒரு திருகாணியை மாட்டி, உள்ளே விட்டு, ஈயத்துக்குள் திருகி இறக்கி, இழுக்க வேண்டும். ஒருவர் துப்பாக்கியின் கட்டையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் இழுக்க வேண்டும். பின்பக்கம் ஒரு பெஞ்சு, வேப்ப மரத்தடியில். கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஆகும்.

எங்கள் வகுப்பில் மணி மொத்தம் ஐந்து தடவை அடித்தது. அதில் மூன்று நான்.

"லேப்ல நாலு தசம ஸ்தானம் வரைக்கும் எடை போடறவ," என்று அண்ணி வீட்டில் அண்ணனிடம் சொன்னாள். "இங்க மொத்த மருந்தையே மறந்துடறா. அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் நாம உயிரோட இருக்கோம்."

முதல் தடவை, நான் இழுத்தேன், என் ஜோடி கட்டையைப் பிடித்துக்கொண்டார். வரவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். தொலைந்துபோன எல்லைக் கல்லைத் தேடுவதுதான் அவருக்குப் பிடித்த வேலையாம். "பாதி நேரம் கல்லு அங்கயேதான் இருக்கும். மேல மண்ணு மூடியிருக்கும். தோண்டறவங்க ஒரு அடி தள்ளித் தோண்டிட்டு, காணோம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கோலைப் பிடித்து இழுத்தேன். குண்டு வந்துவிட்டது.

இரண்டாவது தடவை அவர் என் வேலையைக் கேட்டார். தண்ணீரின் கடினத்தன்மையை எப்படிப் பார்ப்பது என்று சொன்னேன். சொட்டுச் சொட்டாக விட வேண்டும், சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும், ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு தப்பு. ஐந்து நிமிஷம் தொடர்ந்து பேசியிருக்கிறேன். என் வாழ்க்கையில் அது பெரிய பேச்சு. அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "அந்த ஒரு சொட்டுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"ஊதாவா இருக்கும். ரெண்டும் இல்லாம."

மூன்றாவது தடவை யாரும் பேசவில்லை. மரத்திலிருந்து சருகு விழுந்துகொண்டிருந்தது. திருகாணி சரியாகப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி வந்தது. அவருக்கும் அவசரம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

மற்ற நாட்களில் அந்த இருபது நிமிஷம் கிடையாது. சரியாகப் பத்தரைக்கு அவரை அழைத்துப்போக ஆபீஸ் ஜீப் வந்துவிடும். சுடும் வரிசையில் காதுக்கு மூடி. வரிசையை விட்டு வந்தால் ஜீப். துப்பாக்கியைக் கழுவுவது எப்போதும் நான் மட்டும்தான். குண்டு சிக்கிய நாட்களில் மட்டும் அவர் டிரைவருக்கு போன் செய்வார். "ஒரு வேலை பாதியில இருக்குப்பா. டீ சாப்பிட்டு வா."

கடைசி வகுப்பு அன்று ஜீப் வராது. வெள்ளிக்கிழமையே அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டார்கள்.

அவர் வந்ததும் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து பெஞ்சில் வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்டது. சர்வே ஆபீசில் வரைபடங்களுக்குப் போடுகிற உறை. அச்சு மாதிரியான கையெழுத்தில் பதினோரு வரிகள். கோலை விட்டுக் குழல் காலியா பார். எண்ணெயைத் துடை. வெறும் கேப் ஒன்றை வெடித்து வழியைச் சுத்தம் செய். மருந்தை அளவுக் குப்பியில் ஊற்று, டப்பாவிலிருந்து நேராக ஊற்றாதே. மருந்தைக் குழலில் போடு. இந்த ஐந்தாவது வரிக்குக் கீழே சிவப்பில் மூன்று கோடு.

"உங்களுக்குத்தான்," என்றார். "இனிமே கேக்கறதுக்கு நான் இருக்க மாட்டேன். இதைப் பக்கத்துல வெச்சுக்கங்க. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"தேங்க்ஸ்," என்றேன். கொசுவைவிடச் சின்னதாக.

"லேப், சர்வே, மூணாவது மேடை," என்று டீச்சர் கூப்பிட்டார்.

என் ஜோடி கேட்டார். இந்த முறை முன்னால் இருக்கும், காற்றைக் காட்டுகிற கொடியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மருந்து?"

குப்பியைக் குழலின் வாயில் கவிழ்த்தேன். கருப்பு மணிகள் சரசரவென்று உள்ளே போயின. குழலைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினேன்.

"போட்டாச்சு."

துணி. குண்டு. கோலை விரல் நுனிகளால் குட்டையாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டேன். உள்ளே குண்டு மருந்தின் மேல் உட்காருவது கைக்குத் தெரிந்தது.

"கோடு?"

"சரியா இருக்கு."

துப்பாக்கியின் சுத்தியைப் பாதி இழுத்து, கேப்பை வைத்து, முழுவதும் இழுத்தேன். சுட்டேன். வெள்ளைப் புகை முகத்துக்கு முன் எழுந்து அப்படியே நின்றது. காற்று இல்லை. புகை கலைகிற வரை இலக்கு தெரியாது. இந்தத் துப்பாக்கியில் எனக்குப் பிடித்தது அதுதான். பட்டதா இல்லையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

நடுவிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பட்டிருந்தது. ஐந்து குண்டும் அப்படியே. மணிக்கு வேலை இல்லை.

"அட, லேப்புக்கு இன்னிக்கி ஞாபக சக்தி வந்துடுச்சு," என்றார் அடுத்த மேடையிலிருந்த பல் டாக்டர். கிளப்பில் எல்லோருடைய குண்டையும் பிடுங்க ஆலோசனை சொல்பவர். "நான் கொறடு கொண்டு வந்திருந்தேன். வீணாப் போச்சு."

பத்து மணிக்கு டீச்சர் தாளை வைத்துக்கொண்டு முடிவு சொன்னார். எட்டுப் பேர் தேர்ச்சி. "லேப்புக்கு இன்னும் ஒரு பேட்ச். மூணு மணி அடிச்ச ஆளைத் தனியா லைனுக்கு விடமாட்டேன். சர்வே, உங்களுக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன். ஜோடி மருந்து போட்டாங்களான்னு பாக்கறது உங்க வேலை. மூணு தடவை பாக்கல. கவனக்குறைவுன்னு எழுதியிருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். எனக்குக் காது சுட்டது.

கழுவ ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. மருந்து எரிந்து மிஞ்சுகிற உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மறுநாளே குழலில் துரு பூக்கும். பின்பக்கக் குழாயடியில் அடுப்பை மூட்டி வெந்நீர் வைத்தேன். குழலைக் கட்டையிலிருந்து கழற்றினேன். கேப் உட்காரும் சின்னத் திருகையும் கழற்றி, குழலின் அடிப்பாகத்தை சோப்பு வெந்நீர் வாளியில் நிறுத்தினேன். அவர் குழலைப் பிடித்துக்கொண்டார். நான் கோலில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தேன். தண்ணீர் உள்ளே ஏறி இறங்கியது. வாளி கருத்தது.

அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஒவ்வொரு வாரமும் இதைத் தனியாவா செஞ்சீங்க?"

"கந்தகம்தான்," என்றேன். "பழகிடும்."

"எனக்குத் தெரியாது. ஜீப்புல ஏறிப் போயிட்டே இருந்திருக்கேன்."

இரண்டாவது வாளி. கருப்பு சாம்பல் நிறமானது. நான் மெதுவாக இழுத்தேன். மூன்றாவது வாளியில் தண்ணீர் தெளிந்துவிடும், பிறகு துடைத்து, எண்ணெய் தடவி, மாட்டிவிட வேண்டியதுதான்.

"டீச்சர்கிட்ட பேசினேன்," என்றார் அவர். "அடுத்த பேட்ச்ல பல் டாக்டர் உதவிக்கு வர்றாராம். அவரை உங்களுக்கு ஜோடியாப் போடச் சொல்லியிருக்கேன். பேச்சு ஜாஸ்தி, ஆனா கையைக் கவனமாப் பாப்பார்."

கோலை இன்னும் மெதுவாக இழுத்தேன்.

"மூணு தடவையும் என் தப்புதான். 'மருந்து'ன்னு கேட்டுட்டு நான் கொடியைப் பாத்துட்டு நின்னுருக்கேன். நீங்க போட்டாச்சுன்னா போட்டாச்சுன்னு எடுத்துக்கிட்டேன்." சிரித்தார். "பதினோரு வருஷ சர்வீஸ்ல கவனக்குறைவுங்கற வார்த்தையை என்னைப் பத்தி யாரும் எழுதினது இல்ல. அதுவும் பரவால்ல. நாளைக்கு வண்டியில உக்காந்தா மனசுல இதுதான் ஓடும். அந்தப் பொண்ணு மறந்துடுமே, யாரு பாத்துக்குவாங்கன்னு."

கோலை நிறுத்தினேன். குழலுக்குள்ளிருந்த தண்ணீர் வாளிக்கு இறங்கியது.

"நான் மறக்கல," என்றேன்.

அடுப்பில் வெந்நீர் கொதித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார். "என்ன சொன்னீங்க?"

பெஞ்சில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த டீச்சர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "சத்தமா, லேப்."

கோலை வாளியின் மேல் குறுக்கே வைத்தேன். கையைச் சுடிதாரில் துடைத்தேன்.

"முதல் தடவைதான் மறந்தேன். மத்த ரெண்டு தடவையும் வேணும்னேதான் மருந்து போடல. குண்டு எடுக்கற வரைக்கும் நீங்க போக மாட்டீங்கன்னு."