லோபிங் உத்தியோகம்

ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போன சின்னச்சாமி, போன வருஷம் மனைவி ஒச்சம்மாளுக்குப் போட்ட கார்டில் ஒரே ஒரு சேதிதான் புதுசு. "ஆலை வேலை போயிற்று. இப்போது லோபிங் பார்த்து வருகிறேன்." தபால்காரர் அதை இரண்டு தரம் படித்தார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பெரிய உத்தியோகமாத்தான் இருக்கும் தாயி" என்று நடையைக் கட்டினார்.

அதற்குப் பிறகு கடிதமே இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஒருத்திக்கு எதற்கு உலை என்று பாதி நாள் ஒச்சம்மாள் வெறும் நீராகாரத்தோடு படுத்துவிடுவாள். அவளுக்கு இருந்த ஒரே துணை அந்த வார்த்தைதான். ஊருணிக்கரையில் யார் விசாரித்தாலும், "லோபிங் பாக்குறாக. லீவு கெடைக்கலையாம்" என்பாள். லீவு அவளாகச் சேர்த்துக்கொண்டது. அத்தனை பெரிய உத்தியோகத்துக்கு லேசில் லீவு கிடைக்குமா என்ன!

ஆனியில் அந்த ஆலை ஆபீஸ் சிப்பந்தி சோமு ஊர் திரும்பினார். ஊருணிப் படியில் அவரைப் பார்த்ததும் ஒச்சம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடினாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரவுகளப் பாத்தீகளா? அங்க லோபிங் பாக்குறாக."

சோமு சிரித்தேவிட்டார். "அட கூறுகெட்டவளே! வேல வெட்டி இல்லாம அங்குட்டும் இங்குட்டும் சுத்துறவனத் தொரை வையிற வார்த்த அது. ஆலையில பாதிப் பேர நிறுத்திட்டாய்ங்க. ஊருக்கு வாடான்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரன்னான். தெருத்தெருவாத் திரியிறான்."

கரையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒச்சம்மாள் வெறுங்குடத்தோடு வீடு வந்தாள். அவமானம் பிடுங்கித் தின்றது. புருஷனை வாயார வைதாள். வைதுகொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. மேஸ்திரி ஆகிவிட்டேன் என்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவளிடம் பொய் சொல்ல மனசில்லை. உண்மையைச் சொல்ல வெட்கம். அதுதான் அவளுக்குப் புரியாத பாஷையில் சொல்லியிருக்கிறான். பாவி மனுஷன், அங்கேயும் ஒருத்தன் தனியாகத்தான் கிடக்கிறான். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் தபால்காரரைப் பிடித்து ஒரு கார்டு வாங்கினாள்.

"எழுதுங்கய்யா. லோபிங்க அங்க ஒத்தையில பாக்க வேணாம். இங்க வந்து பாருங்க. நான் கஞ்சி காச்சி வைக்கிறேன்."

தபால்காரர் எழுதி முடித்துக் கார்டைத் திருப்பினார். "ஆலையிலதான் இல்லையே. எந்தத் தெருன்னு போட?"



"ரங்கூன்ல இருக்குற தெருவெல்லாம் போடுங்கய்யா."