ஹபீலாவின் வீடு எழும்பிய வரலாறு

1931ஆம் ஆண்டு ஹபீலா ஏழாவது பிள்ளையைப் பெற்ற வெள்ளிக்கிழமை, கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருந்த வீடு ஒரு சாண் நிலத்துக்குள் இறங்கியது. சுவரில் வெடிப்பில்லை, ஓடு ஒன்றும் நழுவவில்லை. மருதானையில் இரும்புக்கடை வைத்திருந்த அவள் கணவர் பதியுதீன் சேற்று நிலத்தைக் குற்றம் சொல்லி, மேசன் கிளெமென்றைக் கூப்பிட்டு, மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி வாசலை உயர்த்திச் சீமெந்து பூசுவித்தார். வீடு மறுபடி இறங்கியது, வாசலும் மறுபடி உயர்ந்தது. மனுஷர் சளைக்கவில்லை. ஏழு வருடத்தில் வீட்டுக்குள் போக ஆறு படி இறங்க வேண்டியதாயிற்று.

ஹபீலாவுக்குக் காரணம் முதல் நாளே தெரியும். அந்தப் பிரசவத்தோடு அவளுடைய கருப்பை இறங்கத் தொடங்கியிருந்தது. அது ஒரு விரல் இறங்கினால் வீடு ஒரு சாண் இறங்கும். மருத்துவிச்சி பீபி கருப்பையைத் தாங்க உள்ளே ரப்பர் வளையம் வைத்துவிட்டபோது வீடு பதினொரு மாதம் அசையாமல் நின்றது. ஒரு பெரிய இருமலில் வளையம் நழுவிய அன்று திரும்பவும் இறங்கியது. நோவைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். குனிந்தாலே சிறுநீர் சொட்டி, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி எடுத்த ஒளு முறிந்துபோவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நெற்றி நிலத்தில் பட ஒரு ஸுஜூது செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

கிளெமென்ற் ஏழாவது தடவை சீமெந்து குழைத்த காலையில் அவள் கணவரை உள்ளே கூப்பிட்டாள்.

“ஊட்டுக்கு ஒரு வருத்தமும் இல்ல. எனக்குத்தான் கர்ப்பப்பை எறங்கி ஈக்கி. ஆஸ்பத்திரில தூக்கித் தைக்கிறாங்களாம். கடுதாசில நீங்க கையெழுத்து வெக்கோணும்.”

“பொம்பளட வருத்தத்த வெளிய செல்லுவாங்களா? வெக்கமில்லயா ஹபீலா?”

“ஊரே நம்மட ஊட்டக் குனிஞ்சி பாக்குது. இனி என்ன வெக்கம்?”

பதியுதீன் பேனாவைத் தேடுவதாகச் சாக்குச் சொன்னார். அவள் மை தொட்டுத் தயாராக நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஜெகதீஸ்வரி வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கருப்பையைத் தூக்கி, தொய்ந்த தசைகளை இழுத்துத் தைத்தார். அதே நேரத்தில் கொட்டாஞ்சேனையில் வீடு படிப்படியாக எழும்பியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் சோற்றுப் பீங்கானை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் சொன்னபடி மூன்று மாதம் ஹபீலா ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. பிறகு ஒருநாள் ஒளு எடுத்து, பாயில் நெற்றியை வைத்தாள். ஒரு சொட்டும் இல்லை. எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்து அழுதாள்.

அந்த வருடம் முடிவதற்குள் பக்கத்து வீட்டு றஸ்மியாவும் மூலை வீட்டுப் பாலேஸ்வரியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்கள் வீடுகளும் சிறுகச் சிறுகத் தாழ்ந்திருந்ததை அதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. அவையும் எழும்பின.