மூன்று பேர் அல்ல, ஒருத்தி

"அவள்தான் எண்டு உனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

நாங்கள் குடியேறிய இக்காஸ்ட் என்ற டெனிஷ் சிற்றூரில் சனிக்கிழமைகளில் ஹொலிவூட் படக் கசெற் வாடகைக்கு எடுப்போம். அவற்றில் அடிக்கடி வரும் ஒரு நடிகை ஒரு படத்தில் கன்னியாஸ்திரி, இன்னொன்றில் குத்துச்சண்டைக்காரி, அன்றைக்குக் கிழவி. அப்பா மூன்று பேர் என்று அடம்பிடித்தார்.

"சிரிக்க முதல் கீழ் உதட்டைக் கடிப்பா. எந்த வேஷத்திலையும் அது மாறாது."

"பள்ளிக்கூடத்தை விட்டிட்டு இதைத்தான் படிச்சனியோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவை அழைக்க விண்ணப்பித்து மூன்று வருடங்கள். குடிவரவு அமைச்சிலிருந்து பதில் இல்லை. நான் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது ஐந்து வயதில்.

"அம்மா வந்தா நான் எதை வைச்சுக் கண்டுபிடிக்கிறது, அப்பா?"

"அவ சிரிக்க முதல்..." என்று தொடங்கி நிறுத்தினார். அவருக்கும் நினைவு வரவில்லை.

படம் முடியுமுன்பே குளிர் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.