மூன்று நகல் பாட்டும் நகலில்லாத ஒரு படமும்

மணி மூன்றே கால். ஐந்து மணிக்குள் ஒரு புகைப்படம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால், பதினோரு வருடமாக யாரிடமும் காட்டாமல் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்காருபவள். போட்டிக்குக் கைபேசியிலிருந்து சின்ன அளவில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களில் இருபதைப் பொறுக்கியதில் அதுவும் ஒன்று. கண்காட்சிச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டப் போகிறார்கள். அதற்கு, கேமராவில் எடுத்தபடியே, யாரும் கை வைக்காத கோப்பு வேண்டுமாம். கடிதம் முந்தாநாளே வந்து குப்பை அஞ்சலில் கிடந்தது. இன்று மதியம்தான் கண்ணில் பட்டது. வீங்கிய கன்னத்தோடு நான்கு பேர் காத்திருக்க, தனக்குத் தலைவலி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

வீட்டுக் கணினி முன்னறையில் இருந்தது. அதன் முன்னால் அவள் கணவர் இருந்தார். இருபத்தொன்பது வருடம் ஓர் அலுவலகத்தின் பதிவறைக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் முத்திரை. அவர் பார்க்காத காகிதம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. பார்த்து முத்திரை குத்தாத காகிதமும் கிடையாது. ஓய்வு பெற்ற மறுவாரமே கணினியைப் பொறுப்பேற்றுக்கொண்டார். "வாங்கினார்" என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"என்னங்க, எழுந்திருங்க. அந்த முடிவெட்டுற கடைப் படம் வேணும்."

"எந்தப் பிரிவுன்னு சொல்லு. நபர்களா, கட்டடங்களா, இதரமா?"

"எழுந்திருங்கன்னேன்."

எழுந்தார். அவள் தேடிப் பிடித்துத் திறந்தாள். திறந்த கை அப்படியே நின்றது.

படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரத்தில், முடிதிருத்துபவர் தன் கடைக் கண்ணாடியில் தனக்கே சவரம் செய்துகொள்கிறார். வெகு கம்பீரமான முகம். கீழே வலது மூலையில், ஒரு காலைத் தூக்கி மற்றக் காலைச் சொறிந்துகொண்டிருக்கிறார். அந்தக் கால்தான் படம். அந்தக் காலின் மேல், சிவப்பு வட்டத்துக்குள், "சரிபார்க்கப்பட்டது" என்று இருந்தது. அடியில் தேதி. தேதிக்கு அடியில் அவருடைய சுருக்கொப்பம்.

"இது என்ன?"

"முத்திரை. எல்லாப் படத்துக்கும் போட்டாச்சு. ஆறாயிரத்து நானூறு. ஒரு மாசம் ஆச்சும்மா, கண்ணே பூத்துப்போச்சு."

"முத்திரை இல்லாதது எங்கே?"

"சரிபார்க்காத பிரதியை யாராவது வெச்சிருப்பாங்களா? குழப்பம் வரும்ல?"

"பெருசா இருந்ததே, அது?"

"இடம் போதலை. சுருக்கிட்டேன்."

இடம் ஏன் போதவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் தேவை. முத்திரைக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு வந்திருந்தது. அகப்பட்ட பாட்டையெல்லாம் கணினியில் ஏற்றினார். ஆனால் நகல் இல்லாத கோப்பு பதிவறை ஆளின் கண்ணுக்கு ஆடையில்லாத ஆள் மாதிரி. ஆகவே ஒவ்வொரு பாட்டும் மூன்று இடத்தில் இருந்தது: அசல், அலுவலக நகல், உபரி நகல். புகைப்படத்துக்கு மட்டும் அந்த விதி இல்லையா என்றால், இல்லை. பாட்டு வெளியிலிருந்து வந்தது. படம் வீட்டிலேயே உற்பத்தியாவது. தேவைப்பட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

"கேமரா மெமரி அட்டைல இருக்கும்," என்றாள்.

"அதையும் போன ஞாயிறு சுத்தம் பண்ணிட்டேனே. நீதான் இடமில்லைன்னு சொன்னே."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் அஞ்சிய ஒரே விஷயம் அதுதான். மெதுவாகப் பின்னால் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கணினிக் கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, அழாதீங்க. அட்டையைச் சுத்தம் பண்ணினாலும் உள்ளே படம் இருக்கும். அதுக்கு மேல புதுசா எடுத்தீங்களா?"

"பதினோரு படம்."

"அப்போ பழசுல ஒரு பதினோரு படம் அழிஞ்சிருக்கும். அதுல உங்களுது இல்லாம இருக்கணும். நான் ஒரு சாஃப்ட்வேர் அனுப்புறேன், ஏத்துங்க. என்னால வர முடியாதுக்கா, ரெண்டு மெஷினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மூன்றே முக்காலுக்கு அட்டையைத் துழாவும் வேலை தொடங்கியது. திரையில் ஒரு கோடு. நூறில் இரண்டு. நூறில் மூன்று. அவள் கோட்டைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"பாட்டு ஏதாச்சும் போடட்டுமா? பதற்றத்துக்குன்னே தனிப் பிரிவு வெச்சிருக்கேன்."

"அந்த மெஷினைத் தொட்டீங்கன்னா நான் பொறுப்பில்லை."

"தொடலை. சொன்னேன்."

"சார் பக்கத்துலயா இருக்காரு?" என்றது போன்.

"இருக்கேன்மா. மேற்பார்வைல."

"அப்போ கையைக் கட்டிக்கிட்டு மேற்பார்வை பாருங்க சார்."

நாலு மணிக்கு நூறில் முப்பது. நாலே காலுக்கு எழுபத்தைந்து. எழுபத்தைந்திலேயே ஐந்து நிமிடம் நின்றது. அவள் கட்டைவிரல் நகத்தைக் கடித்துத் துப்பினாள். நாலு இருபத்தாறுக்கு வேலை முடிந்தது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு படங்கள் கண்டெடுக்கப்பட்டன. எங்கே சேமிக்கட்டும் என்று கேட்டது. சொன்னாள். இடமில்லை என்றது.

"அட்டைல மட்டும் திருப்பி வெச்சிடாதீங்கக்கா, இருக்கிறதும் போயிடும். பென் டிரைவ் இருக்கா?"

"நிறைஞ்சிருக்கு," என்றார் முத்திரை, கொஞ்சம் பெருமையாகவே. "அதுல படுக்கையறைக்குன்னு பிரிச்ச பாட்டெல்லாம் இருக்கு."

"அப்போ கம்ப்யூட்டர்ல எதையாவது காலி பண்ணுங்க. சீக்கிரம்."

அவள் பாட்டுக் கோப்புறையைத் திறந்தாள். அசல், அலுவலக நகல், உபரி நகல் என்று மூன்று மஞ்சள் பைகள் கைகட்டி நின்றன.

"இரு, இரு," என்று எழுந்தார். "எதை நீக்கலாம்னு ஒரு பட்டியல் போட்டுக்கிட்டு..."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒழுங்கா செஞ்சா ஒரு வாரம்."

உபரி நகலின் மேல் வைத்து அழுத்தினாள். அவர் மூச்சை உள்ளே இழுத்தது போனிலேயே கேட்டிருக்கும்.

"குப்பைத்தொட்டியையும் காலி பண்ணுங்கக்கா. இல்லைன்னா இடம் வராது."

"அது நிரந்தரம்! திரும்ப வராது!"

"என் படத்துக்கு நீங்க பண்ணினது?"

அதையும் அழுத்தினாள். குப்பைத்தொட்டி காலியாக ஏழு நிமிடம் பிடித்தது. பாட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மின்னி மறைந்தன. முத்திரை, பெரிய இடத்துத் துக்கத்துக்குப் போனவர் போலத் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

நாலு நாற்பதுக்குப் படங்கள் இறங்கத் தொடங்கி, நாற்பத்தெட்டுக்கு முடிந்தன. எந்தப் படத்துக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். அவள் உருட்டினாள். மழை, மாடிப்படி, மருத்துவமனையில் வாய் திறந்த ஒரு கிழவர். நடுவில் சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் பூசிக் கிடந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து. அவள் இன்னும் வேகமாக உருட்டினாள்.

"அதோ," என்றார் அவர்.

முடிவெட்டும் கடை. கம்பீரமான முகம். அவள் பெரிதாக்கினாள். முகத்துக்குக் கீழே தோள், தோளுக்குக் கீழே மேசை, சோப்பு நுரைக் கிண்ணம். இன்னும் கீழே போக விரல் மறுத்தது. போனாள். கால் இருந்தது. நகத்தில் ஒட்டிய முடி வரைக்கும் இருந்தது.

நாலு ஐம்பத்திரண்டு. அனுப்பினாள். மறுபடி ஒரு கோடு. பாதி தாண்டியதும் முத்திரையின் கை, வேறு யாருடைய கையோ போல, மவுஸை நோக்கிப் போனது.

"என்ன?"

"அசலாவது பத்திரமா இருக்கான்னு..."

"கை."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாலு ஐம்பத்தேழுக்கு, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அவள் அதை மூன்று முறை படித்தாள். போனில் கடைக்காரப் பெண், "போச்சாக்கா?" என்றாள். "போயிடுச்சும்மா," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள். அவர் பாய்ந்து உட்கார்ந்து அசலைத் திறந்தார். எல்லாம் இருந்தன. ஆனாலும் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டுமல்லவா? போட்டார். பாட்டு தொடங்கி இருபது நொடி ஆனதும் நிறுத்தப் போனார்.

"ஏன் நிறுத்துறீங்க? ஓடட்டும்."

"நல்லாத்தான் ஓடுது. பார்த்தாச்சே."

"நான் இன்னும் கேக்கலை."

நாலாயிரம் பாட்டையும் அவர் இப்படித்தான், இருபது நொடி வீதம், சரிபார்த்திருந்தார். இருபத்தோராம் நொடியில் பாட்டு வேறு பக்கம் திரும்பியது. அது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. புது அதிகாரியின் அறையில் காத்திருப்பவர் போல நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.