கை விட்ட வரி

அலுவலக ஆண்டு மலருக்கு வரும் கட்டுரைகளைத் திருத்தும் வேலை ஒவ்வொரு வருஷமும் பிருந்தாவின் தலையில்தான் விழும். தொண்ணூற்று நாலில் அடுத்த மேசை ஷம்ஸியாவும் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாமிரபரணி கரை புரண்டு தெருவுக்குள் வந்தபோது, தங்கை மகன் ஐந்து வயது முஹ்சினை ஆறு கொண்டுபோன கதை.

மதியச் சாப்பாட்டு வேளையில் பிருந்தா படித்தாள். கரைத்த சேறாக வந்த தண்ணீர், மிதந்துபோன தறிக்கட்டை எல்லாம் கண்முன் நின்றன. ஒரு வரி மட்டும் ஒட்டவில்லை. 'கொடிய வெள்ளம் அவனை என் கையிலிருந்து பறித்துக்கொண்டது.' பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: 'இங்கே மட்டும் மேடைப் பேச்சு போல இருக்கிறது. கை எப்படி விட்டது? நடந்ததை நடந்தபடி சொல்.' நல்ல யோசனை சொன்ன திருப்தியோடு திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று நாள் ஷம்ஸியா வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து ஒரு தாளை மேசையில் வைத்தாள். 'ஒரு கையில் முஹ்சின், ஒரு கையில் என் மகள். இரண்டு பேரையும் பிடித்திருந்தால் மூன்று பேரும் போவோம் என்று தெரிந்தது. நான் அவன் கையை விட்டேன்.'

பிருந்தா எடுத்த பென்சிலைக் கீழே வைத்தாள். அடித்துத் திருத்த அதில் ஒரு சொல் இல்லை.

"ஒந் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தண்ணி இழுத்துட்டுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"ஏட்டி, பழைய வரியவே போட்டிருவோம். நான் தெரியாமக் கேட்டுட்டேன்."

"நீ கேட்டது சரிதான். இனி அந்தப் பொய்ய எங்கையால எழுத வராது," என்றாள் ஷம்ஸியா. "அச்சுக்குப் போறதுக்கு முந்தி அவ படிக்கணும். நீயும் வா. தனியாப் போகப் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேலப்பாளையம் போனார்கள். தங்கை மைதீன் பாத்திமா தாளை வாங்கி வாசல் வெளிச்சத்தில் நின்றபடி படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். பிருந்தா நிமிரவில்லை. எந்த உரிமையில் அந்தக் கேள்வியைக் கேட்டோம் என்று இருந்தது அவளுக்கு.

"அவன் ஏதாவது சொன்னானா லாத்தா?" என்று அக்காவைக் கேட்டாள்.

ஷம்ஸியா தரையைப் பார்த்துச் சொன்னாள். "பெரியும்மான்னு கூப்பிட்டான். ரெண்டு தடவ."

"அத ஏன் எழுதல?"

தங்கை தாளை மடித்து நீட்டினாள்.

"அதையும் எழுது. அவன் கடைசியாப் பேசினத நீ மட்டும் வச்சிருக்கலாமா? எழுதிட்டு, கொஞ்ச நாளைக்கு இங்கன வராத."

பொங்கலுக்கு மலர் வந்தது. பெரியும்மா என்று அவன் கூப்பிட்ட வரியும் இருந்தது. பிருந்தா அதில் ஒரு புள்ளியையும் தொடவில்லை. மைதீன் பாத்திமா ஆள் அனுப்பி ஒரு பிரதி வாங்கிக்கொண்டாள். அக்காவை வரச் சொல்லவில்லை. நோன்புப் பெருநாள் வந்தது, அப்போதும் கூப்பிடவில்லை.

பெருநாள் கழிந்து வேலைக்கு வந்த ஷம்ஸியா தலை நிமிராமல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிருந்தா மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்து போனாள். பக்கத்தில் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு டீ சொன்னாள்.