ரெசின் கலக்கிய பிறகு

ரெசினில், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைச் சொட்டு எண்ணி ஊற்றிக் குச்சியால் கலக்கத் தொடங்கியபோதுதான் மேலங்கிப் பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் கலக்குவதை நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. படகு ஓட்டையை அடைக்கிற ரெசின் தனியாக இருக்கும்வரை சாதுவாகத்தான் இருக்கும். ஹார்ட்னர் விழுந்துவிட்டால் இருபது நிமிடம், அவ்வளவுதான். அதற்குள் கண்ணாடி நார் விரிப்பை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நனைத்து, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழி இல்லாமல் முடித்தாக வேண்டும். தவறினால் டப்பாவுக்குள்ளேயே கல்லாகிவிடும். பிறகு யார் அழுதாலும் இளகாது.

போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. சுவரில் மணி பத்து ஐம்பது.

வீட்டிலிருந்துதான் என்று தெரியும். வேறு யார் அவளைக் கூப்பிடப் போகிறார்கள்? படுக்கையில் கிடக்கும் கணவனுக்குப் பக்கத்தில் நாத்தனாரை உட்கார வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அன்றைக்குப் படகு பழுதுபார்க்கும் பயிற்சியின் இறுதிச் செய்முறைத் தேர்வு. பழைய படகின் பக்கவாட்டில் ஆளுக்கொரு ஓட்டை, உள்ளங்கை அகலத்தில். விட்டுவிட்டுப் போனால் இன்னும் ஆறு மாதம் கழித்து வரவேண்டும். நாற்பத்திரண்டு வயதில், பாதி வயதுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து, இன்ஜினைப் பிரித்தும் பூட்டியும் பத்து மாதம் ஓட்டியாகிவிட்டது. இன்னொரு ஆறு மாதத்துக்கு அவளிடம் தெம்பில்லை.

'அவசரம்னா திரும்பக் கூப்பிடுவா' என்று நினைத்தாள். திரும்ப அடிக்கவில்லை. அப்பாடா என்றுகூட இருந்தது.

மூன்றாவது விரிப்பை வைக்கும்போது நார் முனை குத்திக் கையுறை இரண்டும் கிழிந்தன. மாற்ற நேரமில்லை. அப்படியே தேய்த்தாள். ஒட்டுப் போட்டு முடித்து உருளையைக் கீழே வைத்தபோது போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"அண்ணி, வாங்க" என்றாள் நாத்தனார்.  அந்தக் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

பயிற்சிக் கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, வேலை முடிந்ததும் எதற்கும் முன்னால் கையைக் கழுவு என்பதுதான். அதற்கென்றே வாசலில் ஒரு திரவம் வாளியில் இருக்கும். கிழிந்த கையுறையை உரித்துப் போட்டுவிட்டு அந்த வாளியைத் தாண்டித்தான் ஓடினாள். ஆட்டோவில் பாதி வழியில் விரல்கள் ஒவ்வொன்றாக விறைக்கத் தொடங்கின. பார்த்தால் பத்து விரல் நுனியிலும் ரெசின். சேலையில் தேய்த்தாள், போகுமா அது?

வீட்டுக் கூடத்தில் அவரைக் கட்டிலில் இருந்து இறக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி கழுத்துவரை. ஆக்ஸிஜன் குழாய் பதிந்த கோடு இரண்டு கன்னத்திலும் இன்னும் சிவப்பாகவே இருந்தது. உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அந்த முகத்தைப் பிடித்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. சூடா, குளிரா, ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாரோ அவரைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

*

இரண்டு வருடமாக அவருக்கு நுரையீரல் சரியில்லை. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்தவருக்குப் பொழுது போக வேண்டாமா? அவள் படிப்பை அவரும் சேர்ந்து படித்தார். நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். அவள் முழித்தால், "இன்ஜினியரம்மா, உங்கள நம்பி நான் படகுல ஏற மாட்டேன்" என்பார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் மூச்சு வாங்கும். ஆனாலும் சிரிப்பார்.

ஓட்டை வாளி ஒன்றில் பசையும் பழந்துணியும் வைத்து அவள் வீட்டிலேயே பழகினாள். அதற்காகச் சமையலறை மணியைக் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் வைத்திருந்தார் அவர். திருகி விட்டால் டிக்டிக்கென்று ஓடி, நேரம் முடிந்ததும் நிறுத்துகிற வரை ஊரைக் கூட்டும் மணி.

"பன்னெண்டு நிமிஷம் போச்சு. தண்ணி உள்ள வந்துடுச்சு, இன்ஜினியரம்மா."

"சும்மா இருங்க, கை நடுங்குது."

"கை நடுங்கட்டும், நிமிரக் கூடாது. கலக்கிட்டா கலக்கினதுதான். வீடே பத்தி எரிஞ்சாலும் நிமிராத."

அன்று காலையிலும் அதையேதான் சொன்னார். பத்தரை வரைக்கும் ஓட்டையின் ஓரத்தைத் தேய்ப்பது, அப்புறம் விரிப்பு வெட்டுவது, பத்தே முக்காலுக்கு மேல் கலக்குவது என்று கால அட்டவணையை ஒப்பித்துக் காட்டினார். அரை டம்ளர் டீ குடித்தார். போய்ட்டு வா என்று கை காட்டினார். அவளும் போய்விட்டாள்.

*

உறவெல்லாம் வந்து சேர்ந்தது. நாலு மணிக்கு வண்டி என்றார்கள். பெரியம்மா ஒருத்தி அவள் காதில் விழட்டும் என்றே பேசினாள்.

"ஒரு போன எடுக்க முடியலையாம். அப்படி என்ன பொல்லாத படகு?"

"விடுங்க பெரியம்மா" என்று யாரோ அடக்கினார்கள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே. அவள் மனத்தில் ஓடியதெல்லாம் ஒரே கேள்வி. முதலில் ஏன் ஒரு தடவை மட்டும் கூப்பிட்டு விட்டுவிட்டாள்? உயிர் போகிறதென்றால் பத்துத் தடவை அடிக்க மாட்டார்களா? நான் எடுக்கவில்லை என்றதும் அவர் என்ன நினைத்தார்? வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே போனாரா? அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாத்தனார் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி வந்ததிலிருந்து அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

மூன்று மணி வாக்கில் பயிற்சிக் கூடத்து மாஸ்டர் வந்தார். கையில் ஒரு பை. உள்ளே அவளுடைய செருப்பும் சாப்பாட்டு டப்பாவும். அப்போதுதான் தன் காலில் பயிற்சிக் கூடத்து பூட்ஸ் இன்னும் இருப்பதைப் பார்த்தாள். பூட்ஸோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். யாருமே சொல்லவில்லை, பாவிகள்.

மாஸ்டர் கும்பிட்டுவிட்டுத் தயங்கி நின்றார். "இப்ப சொல்லலாமான்னு தெரியலம்மா. உங்க ஒட்டு நல்லா காஞ்சிடுச்சு. தட்டிப் பாத்தாங்க. எங்கயும் உள்ள காலியா இருக்கிற சத்தமே இல்ல, ஒரு குமிழி கூட இல்ல. பாஸ்."

அவள் தலையாட்டினாள். அடுத்த நொடி, இதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் உறைத்தது.

பூட்ஸைக் கழற்றப் பின்கட்டுக்குப் போனாள். கயிற்று முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை. உட்கார்ந்தபடியே அதோடு மல்லுக்கட்டினாள். நாத்தனார் வந்து நின்றாள். குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். பிறகு அண்ணியின் கைகளைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது?"

"ரெசின். கழுவல."

நாத்தனார் உள்ளே போய்க் கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தாள். எதிரே சம்மணம் போட்டு, அவள் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து, எண்ணெய் தடவி, நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். லேசில் வரவில்லை. வலித்தது. இருவரும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா," என்றாள் அவள் கடைசியில். "மொதல்ல ஏன் ஒரு தடவைதான் கூப்பிட்ட?"

சுரண்டுகிற நகம் நின்றது. மறுபடி சுரண்டியது.

"மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு உங்களத்தான் கூப்பிட்டேன். நீங்க எடுக்கல. திரும்ப அடிக்கப் போனேன். அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டான். மணி என்னன்னு கேட்டான்."

"ம்."

"பத்து அம்பதுன்னேன். 'இப்பதான் கலக்கியிருப்பா. அந்த மணிய இருபது நிமிஷத்துக்குத் திருகி வை. அடிச்சதும் கூப்பிடு'ன்னான். எனக்கு வந்த ஆத்திரம்! உனக்குப் பைத்தியமாடான்னேன். விடல அண்ணி. திருகி வைக்கிற வரைக்கும் கைய விடல. அப்புறம் அதையேதான் பாத்துக்கிட்டுக் கிடந்தான். என்னை ஒரு தடவை பாக்கலயே."

எண்ணெய்க் கையாலேயே மூக்கைத் துடைத்தாள்.

"அது அடிச்சப்போ அவன் இல்ல. ஆம்புலன்ஸும் வரல. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கு. எப்படி நிறுத்தறதுன்னு எனக்கு என்ன தெரியும்? போர்வைல சுத்தி பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டிட்டுத்தான் உங்களக் கூப்பிட்டேன். நான் எதுக்கு அவன் பேச்சக் கேட்டேன் அண்ணி? நீங்க வந்திருப்பீங்கல்ல?"

 எடுத்திருந்தால் வந்திருப்பாளா? வந்திருப்பாள். டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"நீ சரியாத்தான் செஞ்ச" என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவள் விறைத்த கையால் அந்தத் தலையைத் தடவினாள்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. "எடுத்துடலாமா?" என்று யாரோ கேட்டார்கள். நாத்தனார் நிமிர்ந்து, அவசர அவசரமாக அந்த ஒரு விரலின் ஓரத்தைக் கிள்ளி இழுத்தாள். விரல் நுனி அளவுக்கு ஒரு சில்லு முழுதாகக் கழன்று வந்தது. உள்ளே தோல் சிவந்து ஈரமாக இருந்தது.

"ஒண்ணுதான் வந்துச்சு, அண்ணி."

"போதும்."

கூடத்துக்கு வந்தாள். தூக்க நின்ற நாலு பேரும் விலகி வழிவிட்டார்கள். குனிந்து, அந்த விரலை மட்டும் அவர் நெற்றியில் வைத்தாள். இப்போது தெரிந்தது. குளிர்ந்து போயிருந்தார்.

"ஒரு குமிழி கூட இல்லையாங்க" என்று அவரிடம் சொன்னாள்.

பிறகு தூக்குகிறவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றாள். வண்டிக்காரர் பின்கதவை முன்பே திறந்து வைத்திருந்தார்.