புகை போகிற பக்கம்

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது யார் என்று அவளுக்கு இன்னமும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆள் பாடு திண்டாட்டம்தான். தரச் சோதனை அவள் வேலை, சந்தேகம் அவள் சுபாவம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது தொழிற்சாலைக்கு நல்லது, கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். கடையில் எடை போடும்போது எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள். இவள் கடைக்காரரின் விரலைப் பார்ப்பாள்.

அங்கே செய்வது இடுப்புக் கிண்ணம். தேய்ந்துபோன இடுப்பு மூட்டில் டாக்டர்கள் பொருத்துவார்களே, அந்த உலோகக் கிண்ணம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை வார்ப்பதும் இல்லை, கடைவதும் இல்லை, மெஷினில் அச்சடிப்பார்கள். மெஷின் டைட்டானியப் பொடியைத் தலைமுடியைவிட மெல்லிசாகத் தட்டின்மேல் பரப்பும். லேசர் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும். அதன்மேல் இன்னொரு படலம். இப்படி ஆயிரத்துச் சொச்சம் படலம் ஏறியதும் பொடிக்குள் பதினாறு கிண்ணங்கள் முளைத்து நிற்கும். வெளிப்பக்கம் பஞ்சு மாதிரித் துளைத்துளையாக இருக்கும். எலும்பு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே வைக்கிற துளை. வேண்டாத துளை வேறு ஒன்று உண்டு. அது உலோகத்தின் கனத்துக்குள் ஒளிந்திருக்கும், எந்தக் கண்ணாடிக்கும் அகப்படாது. நாலு வருஷம் நன்றாக நடந்துவிட்டு, ஒரு நாள் படி இறங்கும்போது விரிசல் விட்டால்தான் தெரியும்.

அதற்காகத்தான் ஒவ்வொரு தட்டிலும் கிண்ணங்களோடு விரல் நீளத்துக்கு இரண்டு சோதனைக் கம்பிகளும் வளரும். அவற்றை அவள் இழுவை மெஷினில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுப்பாள். கம்பி தாங்கினால் கூடப் பிறந்த பதினாறு கிண்ணமும் தாங்கும். கம்பி சீக்கிரம் அறுந்தால் அந்தத் தட்டையே குப்பையில் போட வேண்டியதுதான்.

அவளுடைய அண்ணனுக்கு வியாழக்கிழமை காலை ஆபரேஷன். நாலு மாதமாகக் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போவதற்கே அண்ணியின் தோளைப் பிடித்துக்கொள்கிறான். ஓட்டமும் நடையுமாக ஊரைச் சுற்றிய மனுஷன், இப்போது கதவு மணி அடித்தால் எழுந்து போக முடியாமல் பல்லைக் கடிக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகிற கிண்ணம் தங்கை வேலை செய்கிற இடத்துச் சரக்குத்தான் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் எத்தனையோ நாளைக்கப்புறம் ஒரு சிரிப்பு வந்தது. "நீ பார்த்து அனுப்பினதுன்னா எனக்கு என்ன பயம்? உன் கண்ணுல மண்ணைத் தூவ எவனால முடியும்?" என்றான்.

அந்தப் பேச்சுதான் அவளை உட்காரவிடவில்லை. செவ்வாய்க்கிழமை, அண்ணனுக்கு ஒதுக்கிய கிண்ணம் எந்தத் தட்டில் வந்தது என்று பார்த்து, அந்தத் தட்டின் தாளை எடுத்தாள். கம்பி இரண்டும் பிரமாதமாகத் தாங்கியிருந்தன. முந்தின தட்டும் பிரமாதம். அதற்கு முந்தினதும் அப்படியே. பின்னாலேயே போனாள், பதினாலு மாதம் போனாள். ஒரு கம்பிகூட மக்கர் செய்யவில்லை. அதற்கு முன்னாலோ, பத்துத் தட்டுக்கு ஒன்றாவது தோற்றுக்கொண்டுதான் இருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

பதினாலு மாதத்துக்கு முன்னால் என்ன மாறியது? யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. மெஷின்காரர் வந்தது அப்போதுதான்.

அச்சு அறை அந்த மனிதரின் தனி ராஜ்ஜியம். பொடியைச் சலிப்பது, தட்டை ஏற்றுவது, இறக்குவது, கம்பியை அறுத்து உறையில் போட்டு அவளிடம் அனுப்புவது, எல்லாம் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவள் மனதுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான். வாயைத் திறக்காத ஆளிடம் வெளியில் வராத விஷயம் எவ்வளவு இருக்கும் என்று அவளுக்கு எப்போதுமே ஒரு கண் அவர்மேல். சலித்துச் சலித்து வலுவிழந்த பழைய பொடியில் கிண்ணங்களை ஓட்டிவிட்டு, புதுப் பொடியில் தனியாகக் கம்பிகளைச் செய்துவைத்து, உறையில் மாற்றிப் போட்டு அனுப்பினால் யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. இதைச் சும்மா விட முடியாது. இடுப்பு அண்ணனுடையது அல்லவா?

புதன்கிழமை அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அச்சு அறைக்குள் நுழைந்தாள். சல்லடையைப் பார்த்தாள், பொடிக் குடுவைகளின் தேதிச் சீட்டுகளைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவ்வளவு ஒழுங்கும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மேஜை இழுப்பறையை இழுத்தாள். பூட்டக்கூட இல்லை. திருட்டுத்தனம் செய்கிறவன் இப்படித்தான் பூட்டாமல் வைத்து நல்லவன் வேஷம் போடுவான் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு தகர டப்பா. அதற்குள் பதினோரு சோதனைக் கம்பிகள். ஒவ்வொன்றிலும் தாளைச் சுற்றி ஒட்டி, தட்டு எண்ணைக் குண்டு குண்டாக எழுதியிருந்தது. ஒரு தட்டுக்கு இரண்டு கம்பிதான். இரண்டும் அவளிடம் வந்து அறுந்தும் போயாகிவிட்டன. அப்படியானால் மூன்றாவதாக இது எங்கிருந்து வந்தது?

டப்பாவைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு தன் அறைக்கு ஓடினாள். ஒவ்வொன்றாக மாட்டி இழுத்தாள். முதல் கம்பி பாதி பாரத்திலேயே படாரென்று போயிற்று. இரண்டாவது தாங்கியது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது மூன்றும் போயின. பதினொன்றில் ஏழு தோல்வி. அறுந்த முனையைக் கண்ணாடிக்கடியில் வைத்தால், உள்ளே புழு அரித்த மாதிரிக் குழிகள். ஆக, இவைதான் அசல் கம்பிகள். அவளிடம் வந்ததெல்லாம் வேஷம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்கிற வெறியோடு துண்டுகளை மேஜைமேல் பரப்பினாள். உடனே அவரைக் கூப்பிட்டனுப்பினாள்.

வந்தவர் மேஜைமேல் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எத்தனை போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"எத்தனை போச்சா? என்ன துணிச்சல் உங்களுக்கு? நிஜக் கம்பியை ஒளிச்சு வெச்சுட்டு எனக்கு எதையோ அனுப்பிக்கிட்டு இருந்திருக்கீங்க. இது என்ன விளையாட்டுச் சாமானா? மனுஷங்க இடுப்புக்குள்ள போறது!"

"நான் எதையும் மாத்தலை மேடம். உங்களுக்கு வந்ததும் நிஜம்தான். இது நான் கூடுதலா அச்சடிச்சது. யாரையும் கேக்காம செஞ்சேன். அது என் தப்பு, எழுதிக்குங்க." பிறகு அவள் மேஜையில் இருந்த தாளைத் திருப்பி, பென்சிலால் ஒரு சதுரம் போட்டார். "இது தட்டு. உருக்கும்போது புகை கிளம்புது இல்லையா, அதை அடிச்சுக்கிட்டுப் போக இந்தப் பக்கத்துலேருந்து வாயு வரும். அந்தப் பக்கமா வெளியே போகும். புகையிலயும் தெறிப்புலயும் பாதி, போகிற பக்கத்துப் பொடிமேலதான் விழுது. அதுக்குமேல உருக்கினா உள்ளே குழி விழும். உங்க ரெண்டு கம்பியும் எங்க நிக்குது?"

அவள் வாயு வருகிற மூலையில் விரலை வைத்தாள். சுத்தமான வாயு முதலில் படுகிற இடம்.

"இந்தப் பதினொண்ணும் எதிர் மூலையில நின்னது," என்றார். "கடைசி வரிசைக் கிண்ணத்துக்குப் பக்கத்துல."

"கம்பியை அந்த மூலையில வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"தட்டுல எது எங்க நிக்கணும்னு போட்டிருக்கிற படத்துல அப்படித்தான் இருக்கு. நான் வர்றதுக்கு முந்தின வாரம் மாத்தினது."

படத்தின் கோப்பை எடுக்காமலே அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கம்பிகள் முன்பு புகை போகிற பக்கத்தில்தான் நின்றன. அடிக்கடி தோற்றன. அப்போது கிண்ணங்கள் தட்டின் நடுவில் மட்டும்தான் வளர்ந்தன. கடைசி வரிசையே கிடையாது. நல்ல கிண்ணங்களை ஓரத்துக் கம்பிக்காகக் குப்பையில் போடுகிறோமே என்று அவளே எழுதிக் கொடுத்து, கம்பியை இந்த மூலைக்கு மாற்றினாள். அதில் தப்பு இல்லை. ஒன்பது மாதம் கழித்து, ஆர்டர் பெருகியதும், தட்டில் சும்மா கிடக்கிற இடத்திலும் நாலு கிண்ணம் போடலாம் என்று இன்னொரு தாள் வந்தது. அதையும் அவள்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவளுக்குத் தன் கையெழுத்தைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள்.

"அந்தப் பக்கமும் ஒரு கம்பி வைக்கலாமான்னு கேட்டேனே. படத்துல இருக்கிறதைச் செய்யுங்க, உங்க யோசனையை யாரும் கேக்கலைன்னு சொன்னீங்க." அவர் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதுதான் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆக்கியது. "வெறும் வாய்ப்பேச்சா வந்தா நீங்க கேக்க மாட்டீங்க. அதான் சேர்த்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குச் சாயங்காலம் கொண்டாரலாம்னு இருந்தேன்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் விரல் தானாக அண்ணனின் கிண்ணத்து எண்ணைத் தேடிப் போயிற்று. கடைசி இரண்டு இலக்கம்தான் தட்டில் இடம். கடைசி வரிசை என்றால் பதின்மூன்றிலிருந்து பதினாறு. தாளில் இருந்தது ஆறு. இரண்டாவது வரிசை, நட்டநடு. நல்ல இடம். அவள் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

ஒரு தட்டில் சந்தேகம் என்றால் அந்தச் சரக்கு முழுவதையும் நிறுத்த வேண்டும், நல்ல வரிசையும் சேர்த்து. அதுதான் விதி, அதை எழுதியதும் அவளே. நிறுத்தினால் நாளை ஆபரேஷன் இல்லை. புதுச் சரக்கு வர இரண்டு மாதம், மூன்று மாதம். வெள்ளிக்கிழமை நிறுத்தினால் என்ன? அண்ணனுடையது நல்ல கிண்ணம். ஒரே ஒரு நாள்தானே. அதற்குள் யாருக்கும் எதுவும் ஆகிவிடப்போவதில்லை.

கண்ணைத் திறந்தபோது மெஷின்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க வீட்டுல யாருக்காவதா மேடம்?"

"அண்ணனுக்கு. நாளைக்குக் காலையில." தயங்கினாள். "ஆறாம் நம்பர்."

"நல்ல இடம்," என்றார். பென்சிலைச் சதுரத்தின் கடைசி ஓரத்துக்கு நகர்த்தினார். "நாளைக்குக் காலையில பதினாலோ பதினஞ்சோ கிடைக்கிறவங்களும் ஆஸ்பத்திரியில படுத்திருப்பாங்க. அவங்க தங்கச்சி இங்க வேலை செய்யலை."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினாலு மாதமாகப் பேசாதவர் பேசுவதற்கு வேறு நாள் பார்க்கக் கூடாதா? ஆனால் அந்தக் கோபம் நிற்கவில்லை. இழுப்பறையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்தாள். ஐந்து மாதச் சரக்கு முழுவதும் நிறுத்தம் என்று எழுதினாள். ஏற்கெனவே பொருத்தப்பட்ட கடைசி வரிசைக் கிண்ணங்கள் எழுபத்து மூன்று. எல்லாருடைய டாக்டருக்கும் இன்றே தகவல். காரணம் என்கிற கட்டத்தில் வழக்கமாக அவள் பேனா யாருடைய பெயரையாவது நோக்கிப் பாயும். இன்றைக்குத் தன் பெயரை எழுதினாள். இரண்டு தாள்களின் தேதியையும் எழுதினாள். மேலாளருக்கு ஒன்று, ஆஸ்பத்திரிகளுக்கு ஒன்று என்று அனுப்பிவிட்டு, மெஷின்காரர் அங்கேயே நிற்கும்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணி எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள்.

விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு வர இருந்தது கெட்டதா?" என்றான்.

"இல்லைண்ணா. உன்னோடது நல்லதுதான்."

"நல்லதுன்னு தெரிஞ்சுமா நிறுத்தினே? இன்னும் மூணு மாசம் நான் இப்படிக் கிடக்கணுமா? யாரு பண்ணின தப்பும்மா இது?"

"நான் பண்ணினதுண்ணா."

அண்ணன் அழுதுவிட்டான். அவன் அழுது அவள் கேட்டதே இல்லை. "கூடப் பிறந்தவன்னுகூடப் பார்க்கலையா நீ?" என்றான்.

"பார்த்தேண்ணா," என்றாள். "அதனாலதான் கொஞ்ச நேரம் நிறுத்தாம உக்கார்ந்திருந்தேன்."